வேலூர் வெயிலில் பழைய மரப் படகு: பழுதுபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் கழித்துவிட்ட பாய்மர டிங்கி (சிறிய திறந்த படகு) ஒன்றை மினி லாரியில் ஏற்றிவந்து காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ வீட்டு வாசலில் இறக்கியாயிற்று. சரி, அடுத்து? கை உடனே உப்புத்தாளைத் தேடும். அதற்கு முன் படகை நிழலுக்குக் கொண்டுபோங்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது.

பலகைகளை வரிசையாக இணைத்துக் கட்டிய படகு என்றால் இது இன்னும் முக்கியம். கடற்காற்றின் ஈரத்தில் இருந்த மரம் இங்கே வந்ததும் காய்ந்து சுருங்கும். பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். பதறிப்போய் அந்த இடுக்குகளில் எபாக்ஸியையோ (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) கார் பட்டியையோ திணிப்பதுதான் படகையே கெடுக்கும் தவறு. தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊறிப் பருக்கும். நடுவில் கல்லாக இறுகிய பட்டி இருந்தால் பலகைக்கு விரிய இடமில்லை. திருகாணி பிடுங்கிக்கொள்ளும், உள்ளே விலாச் சட்டம் முறியும். நல்ல தண்ணீரில் நனைத்த கோணிச் சாக்கை உள்ளே பரப்பிச் சில நாள் ஈரம் காயாமல் வையுங்கள். பல இடுக்குகள் தாமே மூடிக்கொள்ளும். மிச்சத்துக்கு இறுகாமல் நெகிழ்ந்துகொடுக்கும் சீலன்ட் போதும்.

பிளைவுட் படகை இப்படி ஊறவைக்கவே கூடாது. 1960களில் இங்கிலாந்தில் வந்த மிரர் டிங்கி இந்த வகை. அதில் பார்க்க வேண்டியது உளுத்த இடம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மந்தமாகிற இடத்தில் முனையால் குத்திப் பாருங்கள். பின்பலகையின் அடி, நடுப்பலகைக் கூட்டின் (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை நிற்கும் பெட்டியின்) ஓரம் என்று மழைத்தண்ணீர் தேங்கும் மூலைகள்தான் முதலில் போகும். உளுத்ததன்மேல் பெயின்ட் அடித்து மறைக்காமல் நல்ல மரம் வரும்வரை வெட்டுங்கள். ஒட்டுப்போடும் விளிம்பை எட்டுக்கு ஒன்று சரிவாகச் சீவ வேண்டும்: 6 மி.மீ. கனப் பலகைக்குச் சரிவின் நீளம் 48 மி.மீ. ஆசாரியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலமாரி வேலையில் இந்தச் சரிவுக்குத் தேவை வருவதில்லை. பிளைவுட் வாங்கும்போது கடல்தர பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'வாட்டர் ப்ரூஃப்' என்ற வாய்ச்சொல் போதாது.

எபாக்ஸியை அக்னி நட்சத்திர மத்தியானத்தில் குவளை நிறையக் கலக்காதீர்கள். குவளைக்குள்ளேயே கொதித்து, புகைந்து, கட்டியாகிவிடும். கொஞ்சமாகக் கலந்து உடனே அகலத் தட்டில் ஊற்றிவிட்டால் சூடு பரவிப்போகும், வேலை செய்ய நேரமும் கிடைக்கும். வெறும் மரத்தில் முதல் பூச்சைக் காலையில் பூசுவதும் தவறு. வெயில் ஏற ஏற மரத்துளைகளில் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், பூச்சு முழுக்கக் கொப்புளம். பொழுது சாய்ந்து மரம் ஆறத் தொடங்கும்போது பூசினால் மரம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசினால் மறுநாள் மேலே மெழுகுபோல ஒரு படலம் இருக்கும். அதைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்த பூச்சு.

அப்புறம், படகை இரண்டு செங்கல்மேல் நிறுத்தி வேலை செய்யாதீர்கள். படகின் உடல் முறுக்கிக்கொண்டால் ஒட்டு அந்த முறுக்கோடே இறுகிவிடும். இரும்புத் திருகாணி வேண்டாம், கடலுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் போடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈரமாகத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். எபாக்ஸி பளபளக்கிறதே என்று அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். வெயில் அதை மங்கவைத்து உரித்துவிடும். மேலே புற ஊதாக் கதிரைத் தாங்கும் வார்னிஷோ பெயின்ட்டோ கட்டாயம் வேண்டும்.