கடற்கரை ஊரில் காலேஜுக்கும் கேமுக்கும் ஒரே லேப்டாப்: ஸ்டிக்கரைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

புதுச்சேரி நேரு வீதிக் கடையானாலும் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கடையானாலும் முதலில் காட்டுவது லேப்டாப்பின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான். ‘ஆர்டிஎக்ஸ் 4050 இருக்கு, ரைசன் 5 இருக்கு’ என்பார்கள். இருக்கும், பொய் இல்லை. ஆனால் ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று தரம் ஒளிந்திருக்கிறது. பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4050-க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை கொடுக்கலாம் என்று என்விடியா அனுமதிக்கிறது. எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் செய்யும் கம்பெனியின் முடிவு. மெல்லிய, அழகான மாடலில் 45, 50 வாட்டோடு நிறுத்திவிடுவார்கள். தடித்த மாடலில் 90-க்கு மேல் போகும். பெயர் ஒன்றுதான், விளையாடும்போது தெரியும் வித்தியாசம் பெரிது. கடையில் டிஸ்ப்ளே பீஸ் ஓடிக்கொண்டிருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ‘மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்’ என்ற வரியைப் பாருங்கள்.

அது முடியாவிட்டால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் 20 வோல்ட், 7.5 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கினால் 150 வாட். 6 ஆம்பியர்தான் என்றால் 120. பிராசஸருக்கு 45, கார்டுக்கு 95, மேலே ஸ்கிரீனும் ஃபேனும். இத்தனையையும் 120 வாட் அடாப்டர் எப்படித் தாங்கும்? விற்பவர் என்ன சொன்னாலும், அடாப்டரில் அச்சடித்திருப்பதை நம்புங்கள்.

கார்டின் சொந்த மெமரி 6 ஜிபி இருக்கட்டும். 4 ஜிபி உள்ள 2050, 3050 மாடல்களில் வேலரண்ட், ஜிடிஏ 5 நன்றாகவே ஓடும். புதிதாக வரும் பெரிய கேம்களில் டெக்ஸ்சரை, அதாவது படத்தின் நுணுக்கத்தை, குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். விளையாடுவது வேலரண்ட் மட்டும் என்றால் தனி கார்டே தேவையில்லை. ரேடியான் 680எம் அல்லது 780எம் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசஸர் போதும். பையும் கனக்காது, பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். பிஜிஎம்ஐ போனில் ஆட வேண்டிய கேம். அதை மனதில் வைத்து லேப்டாப் தேடாதீர்கள்.

அடுத்து பிராசஸர். ஏஎம்டியின் ரைசன் 7000 லேப்டாப் வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் டிசைன் பழசா புதுசா என்று சொல்லும். 7520யூ என்றால் அந்த 2 ஜென் 2-ஐக் குறிக்கும். 2019-இல் வந்த டிசைன், எண் மட்டும் புதுசு. 7535எச்எஸ் ஜென் 3 பிளஸ். இரண்டுக்கும் ‘ரைசன் 5’ என்ற ஒரே ஸ்டிக்கர்தான். இன்டெல்லில் கடைசி எழுத்தைப் பாருங்கள்: யூ பேட்டரிக்கு, எச் வேகத்துக்கு. ஐ5-12450எச்-இல் 8 கோர், 12500எச்-இல் 12 கோர்.

ரேம் 16 ஜிபி வேண்டும். ஆட்டோகேட், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, பக்கத்தில் இருபது டேப் என்று திறந்தால் 8 ஜிபி திணறிவிடும். ‘இப்போ 8, அப்புறம் போட்டுக்கலாம்’ என்பது நேற்றுவரை நல்ல யோசனையாக இருந்தது; 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறியபின் அதில் மிச்சம் பிடிப்பது கஷ்டம். ஒற்றை 16-ஐ விட இரண்டு 8 மேல், உள்ளிருக்கும் கிராஃபிக்ஸை நம்பி ஆடுபவர்களுக்குக் குறிப்பாக. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். போர்டிலேயே சால்டர் செய்த ரேமை மாற்ற முடியாது.

எஸ்எஸ்டி 512 ஜிபியும் இன்னொன்று போட ஒரு காலி ஸ்லாட்டும் போதும். ஸ்கிரீனில் 144 ஹெர்ட்ஸை மட்டும் பார்க்காமல் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் நிறம் வெளிறித்தான் தெரியும்.

இனி நம் ஊர் விஷயம். கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி காலாப்பட்டிலோ படிப்பவர்களுக்குக் கடல் கூப்பிடு தூரம். உப்பு கலந்த ஈரக்காற்றில் தூசி பசைபோல ஒட்டிக்கொள்ளும். ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் தகடுகளின் இடுக்கில் அது அடைத்தால் சூடு வெளியேறாது. சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு வருஷத்தில் ‘லேப்டாப் ஸ்லோ ஆயிடுச்சு’ என்று வருபவற்றில் நிறைய இப்படித்தான். ஆகவே இரண்டு ஃபேன் உள்ள மாடல், வருஷம் ஒரு தடவை கிளீனிங். கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு கிடக்கட்டும். துருவையும் தண்ணீர் பட்டதையும் சாதாரண வாரண்டி ஏற்காது. ஆக்ஸிடெண்டல் டேமேஜ் கவர் எடுப்பதானால் அது எதை ஏற்கும் என்று படித்துப் பார்த்து எடுங்கள். அதற்கான பணத்தை பட்ஜெட்டில் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மின்னல் அடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது. 2024 ஃபெஞ்சல் புயல் மாதிரி வீட்டுக்குள் தண்ணீர் வந்து நனைந்துவிட்டால், ‘ஓடுதா பார்ப்போம்’ என்று ஆன் செய்யாதீர்கள். போர்டு ஷார்ட் ஆவது அப்போதுதான்.

பல கேமிங் அடாப்டர்கள் ஏசிக்குப் போடுவது போன்ற 16 ஆம்பியர் தடித்த பிளக்கோடு வருகின்றன. ஹாஸ்டலிலும் கிளாஸிலும் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். பயப்பட வேண்டாம்; 230 வாட் அடாப்டர்கூட ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல்தான் இழுக்கும். எர்த் பின் உள்ள நல்ல கன்வெர்ட்டர் போதும். எர்த் இல்லாத பழைய வீட்டுச் சாக்கெட்டில் போட்டால் மெட்டல் பாடியில் கை வைக்கும்போது சுர்ரென்று இருக்கும். அது லேப்டாப்பின் கோளாறு அல்ல, வயரிங்கைச் சரிசெய்ய வேண்டும்.

வரி குறைவு என்று கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் வாங்கும் காலம் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்தது. இரண்டு ஊரிலும் 18 சதவீதம்தான். விலையை ஒப்பிடுங்கள், அதைவிட முக்கியமாக, உங்கள் பின்கோடுக்கு இன்ஜினியர் வீட்டுக்கு வருவாரா, நீங்கள் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கம்பெனியின் தளத்தில் பாருங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பெட்டியிலும் அடியிலும் பில்லிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நம்பரைக் கம்பெனியின் தளத்தில் போட்டால் வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்றும் தெரியும். மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தால் காரணம் கேளுங்கள். மூடியை ஒரு விரலால் மெதுவாகத் தூக்குங்கள். கீல் கரகரவென்று சத்தம் போட்டாலோ ஓரத்துப் பிளாஸ்டிக் பிளந்தாலோ அந்த பீஸ் வேண்டாம். கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஸ்கிரீன் முழுக்க நிறம் வைத்துப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். பிறகு சார்ஜரோடு அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓட்டுங்கள். பிராசஸர் 90 டிகிரியைத் தொடுவது சகஜம். முதல் ஐந்து நிமிஷம் ஓடிய வேகம் பாதியாக விழுந்தால் சகஜமில்லை. இதையெல்லாம் முதல் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், மாற்றித் தரும் கெடு ஒரு வாரம்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு.