படிப்பவரின் மொழியில் பக்கத்தைக் கொடுப்பது எப்படி

இலங்கையில் சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகள், ஆங்கிலம் இணைப்புமொழி. அந்நாட்டு மக்களுக்காக மும்மொழி இணையதளம் ஒன்றை அமைப்பவர், முகப்பைத் திறக்கும் ஒருவருக்கு எந்த மொழியைக் காட்டுவது என்பதை முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஆங்கிலமே எல்லாருக்கும் போய்ச் சேரும். உழைத்து மொழிபெயர்த்த தமிழ்ப் பக்கங்கள் தேடுவாரின்றிக் கிடக்கும்.

ஐபி முகவரியை, அதாவது பயனரின் இணைய இணைப்புக்குரிய எண்ணைக் கொண்டு மொழியைத் தீர்மானிக்க வேண்டாம். அது ஒருவர் இருக்கும் இடத்தை ஏறத்தாழக் காட்டுமே தவிர, அவர் வாசிக்கும் மொழியைக் காட்டாது. டொராண்டோவில் இருந்துகொண்டு ஊரிலுள்ள காணி விவரத்தைத் தேடும் யாழ்ப்பாணத்தவருக்கு ஆங்கிலத்தையும், கொழும்பில் வாழும் தமிழருக்குச் சிங்களத்தையும் திணிப்பதில்தான் அது முடியும்.

உலாவி ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் ‘அக்செப்ட்-லாங்குவேஜ்’ என்ற ஹெடரையும் (கோரிக்கையின் தலைப்பில் வரும் குறிப்பு) வழக்கமாகச் சேர்த்து அனுப்புகிறது. பயனர் தம் உலாவியில் வைத்திருக்கும் மொழிப் பட்டியல் பொதுவாக அதில் இருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் 0 முதல் 1 வரை ஓர் எடை உண்டு, எடை குறிக்கப்படாத மொழிக்கு 1 என்று பொருள். இலங்கைத் தமிழ் முதலில், பொதுத் தமிழுக்கு 0.9, ஆங்கிலத்துக்கு 0.5 என்று பட்டியல் வந்தால், உங்களிடம் இலங்கைத் தமிழ் என்று தனிப் பதிப்பு இல்லாவிட்டாலும் நாட்டுக் குறியீட்டைக் கழித்துவிட்டுப் பொதுத் தமிழைக் கொடுக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டு, பொருந்தவில்லை என்று ஆங்கிலத்துக்குத் தாவும் நிரல்களால்தான் தமிழ் வாசகர் பலருக்குத் தமிழ்ப் பதிப்பு கிடைக்காமல் போகிறது. 2006இல் வெளியான ஆர்எஃப்சி 4647 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இந்தப் படிப்படியான தேடலை விளக்குகிறது. அதைப் பின்பற்றும் நிரல் தொகுப்புகள் கிடைப்பதால் நீங்களே புதிதாக எழுத வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஹெடரையே முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. தமிழ் மட்டுமே சரளமாக வாசிப்பவர்களிலும் பலர், கைபேசியை வாங்கியபோது இருந்த ஆங்கில அமைப்பிலேயே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய உலாவி ஆங்கிலம் வேண்டும் என்றுதான் சொல்லும். ஆகவே பக்கத்தின் முகவரியில் மொழி குறிக்கப்பட்டிருந்தால் அதற்கே முதலிடம்; இல்லையெனில் பயனர் முன்பு தேர்ந்து குக்கீயில் (உலாவி சேமித்துவைக்கும் சிறு குறிப்பில்) பதிவான மொழி; அதுவும் இல்லாதபோது மட்டும் ஹெடர்; கடைசியில்தான் இயல்பிருப்பு மொழி. மொழி மாற்றும் இணைப்பு எல்லாப் பக்கங்களின் மேற்பகுதியிலும், அந்தந்த மொழியின் பெயர் அதனதன் எழுத்திலேயே இருக்க வேண்டும். கொடிப் படம் வேண்டாம். தமிழுக்கு எந்த நாட்டின் கொடியைப் போடுவீர்கள்? அந்த இணைப்பு, வாசகரை முகப்புக்குத் துரத்தாமல், அவர் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தின் மற்ற மொழிப் பதிப்புக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும் தனி முகவரி கொடுங்கள். ஒரே முகவரியில் ஆளுக்கொரு மொழியைக் காட்டினால், இடையில் நின்று பக்கங்களின் நகலைச் சேமித்துக் கொடுக்கும் கேஷ், முதலில் வந்தவருக்குக் கொடுத்த சிங்களப் பக்கத்தை அடுத்து வரும் தமிழருக்கும் கொடுத்துவிடக்கூடும். பதில் எதைப் பொறுத்து மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் ‘வேரி’ ஹெடரில் அக்செப்ட்-லாங்குவேஜைக் குறித்து இதைத் தடுக்கலாம் என்றாலும், பயனர்கள் அனுப்பும் பட்டியல்கள் பலவகையாக இருப்பதால் கேஷ் துண்டு துண்டாகச் சிதறி அதன் பயனே குறைந்துவிடும். எனவே மொழியைக் கணிக்கும் வேலையை மொழி குறிக்கப்படாத முகப்பு முகவரியில் மட்டும் செய்து, அங்கிருந்து 302 என்ற தற்காலிகத் திருப்பலால் உரிய பதிப்புக்கு அனுப்புவதே நல்லது. 301 என்ற நிரந்தரத் திருப்பலை உலாவி நினைவில் வைத்துக்கொள்வதால், பயனர் பின்னர் மொழியை மாற்றினாலும் பழைய பதிப்புக்கே போக நேரிடலாம். அந்த 302 பதிலையும் கேஷ் சேமிக்காதவாறு ‘நோ-ஸ்டோர்’ என்று குறிப்பிடுங்கள்.

தேடுபொறிகளுக்கும் இம்முறையே ஏற்றது. கூகுளின் தேடல் நிரல் பொதுவாக மொழி ஹெடரை அனுப்புவதில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் ‘ஹெச்ரெஃப்லாங்’ குறிப்பால் மூன்று பதிப்புகளையும், அந்தப் பக்கத்தையும் சேர்த்தே, ஒன்றுக்கொன்று சுட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டி மற்றது சுட்டாவிட்டால் அக்குறிப்பு புறக்கணிக்கப்படலாம். கணிப்பு நடக்கும் முகப்புக்கு, எந்த ஒரு மொழிக்கும் உரியதல்லாத பக்கத்தைச் சுட்டும் ‘எக்ஸ்-டிஃபால்ட்’ என்ற குறிப்பு பொருந்தும்.

பக்கத்தின் மொழி எது என்று சொல்லும் ஹெச்டிஎம்எல்லின் ‘லாங்’ பண்பைச் சரியாகக் கொடுப்பதைச் சிறு வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் அதைப் பார்த்தே குரலைத் தேர்கின்றன. தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலம் என்று குறித்திருந்தால், தமிழ் வரிகள் சிதைந்து ஒலிக்கலாம், அல்லது ஒலிக்காமலே போகலாம்.

ஒரு பக்கத்துக்குத் தமிழ்ப் பதிப்பு இன்னும் ஆயத்தமாகவில்லை என்றால், சொல்லாமல் ஆங்கிலத்தைக் காட்டாமல், அது இல்லை என்பதைத் தமிழிலேயே ஒரு வரியில் தெரிவித்து, இருக்கும் பதிப்புகளுக்கு இணைப்பு கொடுங்கள்.

தளத்தை வெளியிடுமுன், தமிழை முதலாக வைத்தும், ஆங்கிலத்தை முதலாக வைத்துக் குக்கீயில் தமிழைத் தேர்ந்தும், தளத்தில் இல்லாத ஒரு மொழியை மட்டும் கேட்டும், ஹெடரே இல்லாமலும் முகப்பைத் திறந்து பாருங்கள். இந்த நான்கில் எதிலும் வாசகர் வெற்றுப் பக்கத்தையோ கேட்ட வகையில் பதில் இல்லை என்னும் 406 பிழையையோ சந்திக்கக் கூடாது.