யூரியா ரிப்போர்ட்டைப் பார்த்துச் செய்யும் தவறுகள்

இரத்தத்தில் யூரியா போன மாதம் 18, இந்த மாதம் 38. "கிட்னி பழுதாகிவிட்டது" என்று வீடே கலங்கிப்போகும். ஆனால் இரண்டும் ஒரே அளவாகவே இருக்கலாம். சில லாப்கள் யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு 'பி.யு.என்.' என்று போடுகின்றன. வேறு சில முழு யூரியாவையும் போடுகின்றன. முதலாவதை 2.14 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். அதே இரத்தத்தை மில்லிமோல் என்ற வேறு அலகில் எழுதினால் 6.4. திருகோணமலை டவுனில் ஒரு தடவை, கிண்ணியாவில் ஒரு தடவை, கிளினிக்கில் ஒரு தடவை என்று மாறி மாறி எடுப்பவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

பெரியவர்களுக்குப் பொதுவாக பி.யு.என். 7 முதல் 20 மி.கி. வரை, முழு யூரியா என்றால் ஏறக்குறைய 15 முதல் 43 வரை, மில்லிமோலில் 2.5 முதல் 7.1 வரை. லாப்புக்கு லாப் கொஞ்சம் மாறும். ஆகவே எண்ணைப் பார்க்குமுன் பெயரையும் அலகையும் பாருங்கள். முடிந்தால் ஒரே லாப்பில் எடுங்கள்.

அடுத்தது, யூரியா ஏறினாலே சிறுநீரக வருத்தம் என்று முடிவுகட்டுவது. புரதம் செரித்த பிறகு ஈரல் யூரியாவை உண்டாக்குகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இடையில் உடலில் தண்ணீர் குறைந்தாலே அளவு ஏறிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயலிலோ வள்ளத்திலோ நாள் முழுக்க நின்றவருக்கும், இரண்டு நாள் வயிற்றோட்டம் வந்தவருக்கும் அது ஏறுவதில் அதிசயமில்லை. இறைச்சி, மீன் அதிகம் சாப்பிட்டாலும், ஸ்டீரொயிட் மாத்திரை எடுத்தாலும் கூடலாம். அதனால்தான் சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவான கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் மி.கி. அலகில் இருக்கும்போது, பி.யு.என். கிரியாட்டினினைப் போல் 20 மடங்குக்கு மேல் இருந்தால் டொக்டர் முதலில் தண்ணீர்க் குறைவையும் இரத்தக் கசிவையும்தான் யோசிப்பார்.

இரத்தக் கசிவு என்றதும் முழங்கால் வலி நினைவுக்கு வருகிறது. பார்மசியில் டைக்குளோபினாக் என்ற வலி மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அது இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கலாம். கசிந்த இரத்தமும் புரதமாகச் செரிக்கப்பட்டு யூரியாவை ஏற்றும். போதாக்குறைக்கு சிறுநீரகத்தையும் அதே மாத்திரை நேரடியாகக் கெடுக்கலாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, யூரியா நோர்மல் என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. சிறுநீரகத்தின் வேலை பெருமளவு குறைந்த பிறகுதான் யூரியா தெளிவாக ஏறும். ஈரல் வருத்தம் உள்ளவருக்கும், சரியாகச் சாப்பிடாத முதியவருக்கும் அது தவறாகக் குறைந்தே காட்டும். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் கிரியாட்டினினோடு சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். உலர் வலய விவசாயக் கிராமங்களில் சீனியும் பிரஷரும் இல்லாதவர்களுக்கும்கூடச் சிறுநீரகம் கெடுவதால், அங்குள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

யூரியாவுக்கு மட்டும் இரத்தம் கொடுக்க வெறும் வயிறு பொதுவாகத் தேவையில்லை. கூடவே சீனியும் பார்ப்பதால் சாப்பிடாமல் போகிறவர்களும் வெறும் தண்ணீர் குடிக்கலாம். இரவிலிருந்து நா வறளக் கிடந்து போனால் யூரியாதான் ஏறும். அதற்காகக் காலையில் போத்தல் போத்தலாகக் குடித்து யூரியா அளவை இறக்கப் பார்ப்பதும் பிழை. இதய வருத்தத்துக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவருக்கு அது ஆபத்து.

ரிப்போர்ட் வந்த பிறகு மீன், முட்டையை அடியோடு நிறுத்துவது, பிரஷர் மாத்திரையைத் தானாகவே விடுவது, யாரோ சொன்ன கஷாயம் குடிப்பது, இவை எல்லாம் ரிப்போர்ட்டில் ஏறிய அளவைவிட அதிகம் கெடுதல் செய்யும். டயலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவருக்குக் காமரங்காய் நஞ்சாகலாம். இளநீரும் அவரது இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பை ஏற்றிவிடலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும், குடிக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள், பார்மசியில் தானாக வாங்கியவை உட்பட. சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஆள் தடுமாறிப் பேசினாலோ கிளினிக் நாள் வரை பொறுக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.