ஓடும்போது கார் சத்தம் போடுகிறதா? எந்த இடம் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

காரில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால் முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், கதவு ஓரத்துத் தண்ணீர் பாட்டில், சீட்டுக்கு அடியில் உருளும் குடை எல்லாவற்றையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு அதே ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வாருங்கள். ஜாக்கி தன் இடத்தில் இறுக்கமாக உட்காராமல் ஆடினால் பின்பக்க ஷாக் அப்சார்பர் போன மாதிரியே கேட்கும், அதை நம்பி இரண்டு ஷாக்கையும் மாற்றியவர்கள் உண்டு.

சத்தம் இன்னும் இருக்கிறதா? சரி, எங்கிருந்து வருகிறது என்று உடனே தேடாதீர்கள். முன் சக்கரத்துச் சத்தம் பாடி வழியாக ஏறி பின் சீட்டில் கேட்கும், காது நன்றாக ஏமாற்றிவிடும். எப்போது வருகிறது என்று பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சத்தம் வரும்போது கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்கு மாற்றி ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், சாவியை மட்டும் தொடவே கூடாது, அணைத்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும். எஞ்சின் வேகம் சட்டென்று இறங்கியும் சத்தம் அப்படியே தொடர்ந்து, வண்டி மெதுவாக ஆக ஆக அதுவும் குறைந்தால், கோளாறு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றில் இருக்கிறது, அதாவது டயர், பேரிங் (சக்கரம் உராயாமல் சுற்ற உதவும் வளையம்), பிரேக், ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு). நியூட்ரல் போட்டதும் சத்தமும் விழுந்துவிட்டால் எஞ்சின், பெல்ட், சைலன்சர் பக்கம் போங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அதிகம் பேர் பணத்தை விடுவது 'ஊஊ' என்று இழுக்கும் சத்தத்தில்தான். என் வண்டியிலும் 50 தாண்டினால் விமானம் ஓடுதளத்தில் கிளம்புகிற மாதிரி ஒரு முழக்கம் வந்தது. டயர் தேய்ந்துவிட்டது என்றார்கள், முன்னால் இரண்டும் புதிதாகப் போட்டேன், சத்தம் அப்படியே இருந்தது. டயர் வாங்கக் கிளம்புவதற்கு முன் நான் செய்திருக்க வேண்டியது இதுதான்: அகலமான காலி ரோட்டில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் லேசாக வளைத்து ஓட்டுவது. இடப்பக்கம் வளைத்தால் வண்டியின் எடை வலது சக்கரங்களில் சாயும், அப்போது முழக்கம் கூடினால் வலது பேரிங், குறைந்தால் இடது பேரிங். டயர் சத்தம் என்றால் வளைப்பதில் அவ்வளவாக மாறாது, தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறும்போது மாறும்.

உறுதி செய்ய இன்னொரு வழி இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சந்தேகப்படும் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு இன்னொரு கையின் விரல்களை உள்ளே இருக்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். பேரிங் போயிருந்தால் காதுக்கு எதுவும் கேட்காவிட்டாலும் மணலை அரைப்பது போன்ற நடுக்கம் ஸ்பிரிங் வழியாக விரலில் ஏறும். நல்ல பக்கத்துச் சக்கரத்தையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் மட்டும் போகவே போகாதீர்கள். பேரிங் மாற்றும்போது பிரஸ் மெஷினில் வைத்து ஏற்றுகிறார்களா என்று கேளுங்கள், சுத்தியலால் தட்டி ஏற்றினால் சீக்கிரமே மறுபடி முழங்கும்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்றால் ஆக்சிலின் வெளி ஜாயிண்ட். சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து ரிம்மில் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும்.

வேகத்தடையில், பள்ளத்தில் 'கடக் கடக்' என்றால் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடு என்ற சின்னக் கம்பி, இல்லையென்றால் லோயர் ஆர்ம் புஷ் என்ற ரப்பர் பாகம். இரண்டில் லிங்க் ராடுதான் விலை குறைவு, மாற்றுவதும் சுலபம், அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

பிரேக்கில் வரும் சத்தத்தில் இரண்டு வகை. மழைக்கு நின்ற வண்டி காலையில் கர்ரென்று உரசினால் டிஸ்க்கில் படிந்த லேசான துரு, நாலைந்து பிரேக்கில் போய்விடும். தினமும் 'கிரீச்' என்றால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடு தேய்ந்திருக்கலாம், அதன் தடிமன் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். இரும்பும் இரும்பும் அரைக்கிற சத்தம் வந்த பிறகும் ஓட்டினால் டிஸ்க்கும் சேர்ந்து போகும், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. சில நேரம் டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கல் மாட்டிக்கொண்டு பயங்கரமாகக் கத்தும், கொஞ்ச தூரம் மெதுவாக ரிவர்ஸ் எடுத்தால் சில சமயம் விழுந்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் அல்லது ஏசி போட்டதும் கீச்சென்று கத்தினால் பெல்ட். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, துண்டு, துப்பட்டா, விரல் எதுவும் கிட்டே போகாமல், தள்ளி நின்று பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் தேய்ந்திருக்கலாம், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி நேர்க்கோட்டில் இல்லாமலும் இருக்கலாம்.

கிளட்சை அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்சில் இருக்கும் ரிலீஸ் பேரிங், அழுத்தினால் நின்றுபோனால் கியர்பாக்ஸ் பேரிங். குறிப்பிட்ட ஒரு எஞ்சின் வேகத்தில் மட்டும் தகரம் ஆடுகிற மாதிரி கேட்டால் சைலன்சரைச் சுற்றியிருக்கும் வெப்பத் தகட்டின் போல்ட் துருப்பிடித்து விட்டிருக்கும்.

எஞ்சினுக்குள் 'டொக் டொக்' சத்தமும் ஆயில் லைட்டும் சேர்ந்து வந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். பஞ்சர் ஒட்டிய பிறகோ டயர் மாற்றிய பிறகோ சக்கரத்தில் 'டக் டக்'கும் ஸ்டியரிங்கில் ஆட்டமும் வந்தாலும் அப்படியே நிறுத்துங்கள், வீல் நட்டு தளர்ந்திருக்கும். நட்டை நட்சத்திர வடிவில், ஒன்று விட்டு ஒன்றாக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை சரிபாருங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது "என்னமோ சத்தம் வருதுண்ணே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். "55க்கு மேல வருது, நியூட்ரல்லயும் நிக்கல, லெஃப்ட்ல வளைச்சா கூடுது" என்று சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே ரோட்டில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை அவரோடு போய் வாருங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.