மலிவு பெயிண்ட்பால் மார்க்கரை வீட்டுப் பட்டறையில் மேம்படுத்துவது

மலிவான பெயிண்ட்பால் மார்க்கரில் (பெயிண்ட் நிரப்பிய குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) பணத்தை முதலில் போட வேண்டிய இடம் பேரல், அதாவது குண்டு வெளியேறும் குழல். ஸ்டாக், ஸ்கோப், ரெயில் எல்லாம் தோற்றத்துக்குத்தான். குண்டு நேராகப் போக அவை உதவுவதில்லை. இங்கே சொல்வது, ஹேமர் முன்னே பாய்ந்து வால்வைத் தட்டும் சாதாரண ப்ளோபேக் மார்க்கர்களுக்குப் பொருந்தும்.

முகமூடியை மாட்டிக்கொண்ட பிறகே மார்க்கரைத் தொடுங்கள். குண்டுகள் நிரப்பும் ஹாப்பரைக் கழற்றி, அறைக்குள் குண்டு தங்கவில்லை என்று பாருங்கள். பிறகு வாயு அடைத்த டாங்கைக் கழற்றி, பாதுகாப்பான திசையில் ட்ரிகரைச் சில முறை இழுத்து மிச்சக் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே நிற்கும் அழுத்தம் 850 பிஎஸ்ஐ அல்லது அதற்கும் மேல் இருக்கலாம். ஹேமர் பின்னே கொக்கியில் மாட்டியிருக்கும் நிலையில் உடலைத் திறந்தால் ஸ்பிரிங் தெறித்துவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது குழம்புவது பெரும்பாலும் ட்ரிகர் பகுதியின் சின்ன ஸ்பிரிங்குகளில்தான்.

தட்டையான, வெடித்த, கீறல் விழுந்த ஓ-ரிங்குகளை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) மாற்றுங்கள். டாங்க் வாயில் உட்காருவது 015 அளவு. கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்தினால் அங்கே யூரித்தேன் ரிங் போடுங்கள். சாதாரண நைட்ரைல் அந்த வாயுவை உறிஞ்சி உப்பிவிடும். மசகுக்குப் பெயிண்ட்பால் எண்ணெய் மட்டும்; துரு நீக்கும் ஸ்ப்ரே வேண்டாம். டாங்கில் காற்று நிரப்பும் முனையில் எந்த எண்ணெயும் படக்கூடாது, அதிக அழுத்தக் காற்றில் அது தீப்பற்றும். பேரல் வழியாகக் காற்று கசிந்தால் கோளாறு வால்வை அடைக்கும் கப் சீலில் இருக்கும்.

இனி பேரல். குண்டின் பெயரளவு 0.68 அங்குலம், அதாவது 17.3 மி.மீ. ஆனால் அது ஜெலட்டின் தோல். ஈரக் காற்றில் உப்பும், பெட்டிக்குப் பெட்டி அளவும் மாறும். மலிவு மார்க்கரோடு வரும் பேரல் பெரும்பாலும் 0.69 அங்குலம் அல்லது அதற்கும் மேல். அந்த இடைவெளியில் காற்று நழுவுவதால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது. பேரலின் பின்முனையில் ஒரு குண்டை வைத்துச் சாயுங்கள். தானாக உருண்டு விழுந்தால் துளை பெரிது. அசையாமல் நின்று, வாயால் ஊதியதும் வெளியேறினால் சரியான பொருத்தம். ஊதியும் நகராவிட்டால் உள்ளேயே உடையும். நீளம் 12 முதல் 14 அங்குலம் போதும். அதற்கு மேல் உராய்வுதான் மிஞ்சும். வாங்குமுன் மரையைப் பாருங்கள்: ஆட்டோகாக்கர், ஸ்பைடர், டிப்மன் 98 மரைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

எஃகு ஹேமரின் வெளிப்பரப்பில் பிசிறு இருந்தால் 1000, பிறகு 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். அலுமினிய உடலின் உட்புறத்தைத் தேய்த்தால் ஆனோடைஸ் பூச்சு போய் அந்த இடம் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஹேமரும், அதைப் பின்னே பிடித்து நிறுத்தும் சியரும் ஒன்றையொன்று கொக்கும் விளிம்பில் கை வைக்கவே கூடாது. அது மழுங்கினால் ஹேமர் நிற்காமல் நழுவி, ஒரே இழுப்பில் குண்டுகள் தொடர்ந்து பாயும்.

எந்த மாற்றத்துக்குப் பிறகும் க்ரோனோகிராஃப் என்ற வேகமானியில் குண்டின் வேகத்தை அளந்தே ஆக வேண்டும். இறுக்கமான பேரல் வேகத்தைக் கூட்டும், வெயிலில் கார்பன் டை ஆக்சைடும் கூட்டும். உச்ச வரம்பு வினாடிக்கு 300 அடி (91 மீட்டர்). பல களங்கள் 280-ஐத்தான் அனுமதிக்கின்றன. முகமூடிகள் தாங்குவது இந்த அளவை வைத்துத்தான், எனவே இதில் சலுகையே கிடையாது. வேகத்தைச் சரிசெய்யும் திருகைக் கால் சுற்றுத் திருப்பி, ஐந்து குண்டு சுட்டு அளந்து, மறுபடி திருப்புங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்பது மாடலுக்கு மாடல் வேறு. கடினமான ஸ்பிரிங் போட்டு வேகத்தை ஏற்றாதீர்கள். அடுத்தடுத்துச் சுடச் சுட குண்டின் வேகம் இறங்கினால் கார்பன் டை ஆக்சைடு டாங்க் குளிர்ந்திருக்கிறது. அழுத்தக் காற்று டாங்குக்கு மாறினால் தீரும்.

பெயிண்ட் கடைசி வேலை. ஓ-ரிங்குகளைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். வெளிப்பரப்பை 400 நம்பர் தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, மரைகளையும் உட்புறத்தையும் டேப்பால் மூடுங்கள். அலுமினியத்துக்கு எட்ச் ப்ரைமர் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். அதன் மேல் மூன்று மெல்லிய பூச்சு. ஒரே தடிமனான பூச்சு வழிந்துவிடும். பளிச்சென்ற நிறமாகவே தேர்ந்தெடுங்கள், நிஜத் துப்பாக்கி என்று யாரும் பயப்படக்கூடாது. டாங்கில் மட்டும் பெயிண்டோ பெயிண்ட் நீக்கியோ படவே கூடாது: நார் சுற்றிய டாங்கின் பிசினை ரசாயனம் அரிக்கும், சோதனைத் தேதி முத்திரையும் மறைந்துபோகும்.