பழைய வீட்டு மரத்தில் தோட்டத்துக்கு ஒரு பெஞ்சு

ஓட்டு வீட்டைப் பிரித்தால் விட்டம், சட்டம், வாசல் நிலை எல்லாம் பழைய மரக்கடைக்குத்தான் வரும். பலகைக்கு வேம்பு, தேக்கு நல்லது. கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வெள்ளவேலம் கிடைத்தால் காலுக்கு வையுங்கள். மலிவாக வருகிறதென்று பனஞ்சட்டம் வாங்காதீர்கள். நார் கிளம்பித் தொடையில் சிலாம்பு ஏறும்.

சுத்தியலால் நெடுகத் தட்டுங்கள். கணீரென்றால் சரி, பொத்தென்று கேட்டால் உள்ளே கறையான் தின்றிருக்கிறது. சிறுதுளையும் கீழே புதுமாவும் தெரிந்தால் வண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். வெளிப்பக்கத்து மென்மரமான வெளிறைச் செதுக்கித் தள்ளி, உள்ளே இருக்கும் கெட்டி மரமான வைரத்தை மட்டும் எடுங்கள்.

முறிந்த ஆணிதான் பெரிய தொல்லை. ஒன்றே ஒன்று தப்பினாலும் இழைப்புளி அலகு போச்சு. ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அங்கே நகர்த்தித் தேடுங்கள்.

4 அடி பெஞ்சுக்கு வேண்டியது: இரண்டரை அங்குலச் சதுரக் கால் 4, உயரம் பதினாறே கால். மூன்றுக்கு ஒன்றரை அங்குலச் சட்டத்தில் 39 அங்குலத்தில் 2, 11 அங்குலத்தில் 2, நடுக்குறுக்குக்கு 10 அங்குலத்தில் 1. மேலே மூன்றரை அங்குல அகலம், ஒன்றே கால் கனத்தில் 4 பலகை.

கழுந்து, அதாவது சட்டத்தின் நுனியில் செதுக்கிக் காலின் துளைக்குள் ஏற்றும் நாக்கு, அரை அங்குலக் கனம், 1 அங்குல நீளம். அதற்கு மேல் விட்டால் இரண்டு பக்கத்துக் கழுந்தும் காலுக்குள் முட்டிக்கொள்ளும். சட்டத்தின் மேல்விளிம்பும் காலின் தலையும் சமமாக வருவதால், கழுந்துக்கு மேலே முக்கால் அங்குலம் செதுக்கித் தோள் விடுங்கள். இல்லாவிட்டால் துளையின் வாய் பிளந்துவிடும். பூட்டியதும் மூங்கில் ஆணி அடித்து இறுக்குங்கள்.

பலகைகளுக்கு நடுவே கால் அங்குல இடைவெளி போதும், மழைத்தண்ணி வடிந்துவிடும். ஓரப் பலகைகளை நீளச் சட்டத்திலும், நடுப் பலகைகளைக் குறுக்குச் சட்டங்களிலும் திருகாணியால் முடுக்குங்கள். காலின் தலையில் முடுக்கினால் நாரோட்டத்திலேயே இறங்கி, நாளடைவில் பிடி விட்டுவிடும். இரண்டரை அங்குல எவர்சில்வர் திருகாணியே வாங்குங்கள். இரும்பு துருவேறி மரத்தைக் கறுக்க வைக்கும். காய்ந்த வேம்பில் துளையிடாமல் முடுக்கினால் பலகை விரியும், நுனிப்பக்கம் என்றால் கட்டாயம் விரியும்.

ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து முதல் பூச்சு, காய்ந்தபின் தனி எண்ணெய். வண்டிக் கழிவு ஆயில் பூசினால் வேட்டி பாழ். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். காலடிகளை எண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு இரவு நிறுத்திவைத்து, பிறகு கல்பலகை மேல்தான் பெஞ்சைப் போடவேண்டும். வெறும் மண்ணில் வைத்தால் கறையான் ஏறும்.