நேர்காணல் சொதப்பிய பிறகு செய்யக் கூடாதவை

நேர்காணல் அறையை விட்டு வெளியே வந்ததும் பலர் முதலில் செய்வது போன் பேசுவது. அம்மாவிடம் "போச்சும்மா" என்கிறார்கள். நண்பனிடம் "கோட்டை விட்டுட்டேன்டா" என்கிறார்கள். நாலைந்து பேரிடம் சொல்லி முடிப்பதற்குள் வெறும் சந்தேகமாக இருந்தது தீர்ப்பாகிவிடுகிறது. சேர்க்கைக் குழு இன்னும் மதிப்பெண் தாளைக்கூடச் சேர்த்துப் பார்த்திருக்காது. அதற்குள் இவர்கள் தங்களைத் தாங்களே நிராகரித்துவிடுகிறார்கள்.

மருத்துவம், சட்டம், நிர்வாகம் மாதிரியான தொழிற்படிப்புகளுக்கு நேர்காணல் போகிற பிள்ளைகளைத் தயார்செய்கிற வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படி ஓர் அறையில் நாக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான். "இந்தத் தொழிலுக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?" என்ற, எல்லாரும் எதிர்பார்க்கிற கேள்விக்கே எனக்கு வார்த்தை வரவில்லை. அன்று அந்த அறைக்குள் நடந்தது எனக்குச் செய்த கெடுதல் கொஞ்சம். அடுத்த மூன்று வாரம் நானே எனக்குச் செய்துகொண்டது அதிகம். பிள்ளைகளிடமும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அறைக்கு வெளியே செய்கிற தவறுகள்தான் அடுத்த வாய்ப்பையும் சேர்த்துக் கெடுக்கின்றன.

நினைவை நம்பித் தீர்ப்பு எழுதுவது

அரை மணி நேர நேர்காணலை நம் மனம் அரை மணி நேரமாகவே வைத்துக்கொள்வதில்லை. மிக மோசமான ஒரு கணத்தையும் கடைசிக் கணத்தையும் எடுத்துக்கொண்டு மற்றதை உதிர்த்துவிடுகிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. குளிர்ந்த தண்ணீரில் 60 வினாடி கையை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 வினாடியோடு, தண்ணீரின் குளிரைச் சற்றே குறைத்துக் கூடுதலாக 30 வினாடி வைத்திருக்கச் சொன்னார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீண்ட வேதனையையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவில் வேதனை சற்றுக் குறைந்ததால் மொத்தமும் பரவாயில்லை என்று நினைவு சொல்லிவிட்டது. நேர்காணலில் இது தலைகீழாக நடக்கும். கடைசிக் கேள்வியில் தடுமாறினால், அதற்கு முன் சொன்ன எட்டு நல்ல பதில்களையும் நினைவு அழித்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. முன்பின் தெரியாத இருவர் பேசி முடித்த பிறகு, எதிரில் இருந்தவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை ஒவ்வொருவரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நம் நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வியர்த்தது எல்லாம் நமக்குத் தெரியும். எதிரில் இருப்பவருக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

ஒரு மாணவி மருத்துவப் படிப்பு நேர்காணல் முடிந்து என்னிடம் வந்தாள். முகம் வாடியிருந்தது. அவளிடம் கேட்ட கேள்வி இது: "நோயாளி தன் நோயைப் பற்றிக் குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டாம் என்கிறார். மகன் வந்து உங்களிடம் கேட்கிறார். என்ன செய்வீர்கள்?" இவள் பதற்றத்தில் "மகன்தானே, சொல்லிடுவேன்" என்றிருக்கிறாள். "நோயாளி வேண்டாம் என்றாரே?" என்று மடக்கியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் திணறிவிட்டு, "நான் சொன்னது தப்பு. அவர் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது. மகனிடம் அப்பாவோடு பேசச் சொல்வேன், அவர் ஏன் மறைக்க நினைக்கிறார் என்று நோயாளியிடமும் பேசிப் பார்ப்பேன்" என்று மாற்றிச் சொல்லியிருக்கிறாள்.

அவள் மனத்தில் நின்றதெல்லாம் "பதிலை மாத்திட்டேன்க்கா, அசிங்கமாயிடுச்சு" என்பது மட்டும்தான். எனக்கோ அவள் சொல்லச் சொல்ல மகிழ்ச்சியாக இருந்தது. இப்படி மடக்கிக் கேட்பதே, சுட்டிக்காட்டினால் இவர் யோசிப்பாரா, வீம்பு பிடிப்பாரா என்று பார்க்கத்தான். காரணத்தோடு பதிலை மாற்றுவது பலவீனம் கிடையாது. நாளை ஒரு நர்ஸ் "டாக்டர், மருந்து அளவு சரியா?" என்று கேட்டால் நின்று யோசிக்கிற டாக்டர்தானே நமக்கு வேண்டும்?

மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பது

இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். அதிகம் பேர் விழுவது இதில்தான். குளிக்கும்போது, படுக்கும்போது, யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு பதில் திரும்ப ஓடும். "இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று அசைபோடுவது கற்றுக்கொள்வது போலவே தோன்றும். ஆனால் அதில் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நினைவு கொஞ்சம் மாறிக்கொண்டே வேறு போகும். ஐந்து வினாடி மௌனம் மறுநாள் அரை நிமிடமாகிவிடும். கடிகாரத்தைப் பார்த்தவர் கொட்டாவி விட்டவராகிவிடுவார்.

இதை நிறுத்து என்று மனத்துக்குக் கட்டளை போட்டால் நிற்காது. அதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். நான் சொல்வது ஒரு நோட்டுப் புத்தகம். அன்றே, முடிந்தால் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, கேட்டது என்ன, நான் சொன்னது என்ன என்று இரண்டு பத்தியாக எழுதிவிடுங்கள். நல்ல பதிலா கெட்ட பதிலா என்று எழுதக் கூடாது. "கேவலமாகப் பேசினேன்" என்பது அபிப்பிராயம், அது அங்கே வேண்டாம். "கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு தெரியவில்லை என்றேன்" என்பது நடந்தது, அதை எழுதலாம். மேலே சொன்ன மாணவி எழுதி முடித்தபோது ஒன்பது கேள்விகள் இருந்தன. அவற்றில் இரண்டில்தான் தடுமாறியிருந்தாள். ஒன்பதில் இரண்டு என்று தாளில் பார்ப்பதும், "எல்லாம் போச்சு" என்று நெஞ்சுக்குள் சுமப்பதும் ஒன்றல்ல.

எழுதியதை அன்று திருப்பிப் பார்க்க வேண்டாம். மறுநாளோ அதற்கு மறுநாளோ எடுத்து, தடுமாறிய இடங்களில் மட்டும் "இப்போது கேட்டால் என்ன சொல்வேன்?" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாய்விட்டு என்பது முக்கியம். மனத்துக்குள் எல்லாருமே அழகாகத்தான் பேசுகிறோம்.

தன்னைப் பற்றி யோசிக்கும்போது தன் பெயரைச் சொல்லி, வேறு ஒருவரைப் பற்றிப் பேசுவது போல யோசித்தால் பதற்றம் தணிகிறது என்று உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். "நான் ஏன் உளறினேன்?" என்பதற்குப் பதில், உங்கள் பெயரைப் போட்டு, "இவளுக்கு அந்த இடத்தில் என்ன தேவைப்பட்டது?" என்று கேளுங்கள். முதலில் கூச்சமாக இருக்கும். செய்து பாருங்கள், கேள்வியின் குரலே மாறிவிடும். நமக்கு வேண்டியவர்களிடம் நாம் காட்டுகிற பொறுமை நமக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

மற்றவர்களிடம் விசாரிப்பது, நிறுவனத்துக்கு எழுதுவது

"உன்னை என்ன கேட்டாங்க? எவ்வளவு நேரம் வச்சிருந்தாங்க? சிரிச்சாங்களா?" இந்த விசாரணையால் ஒரு பயனும் இல்லை. நேரம் நீண்டதற்கும் குறைந்ததற்கும், முகம் இறுகியிருந்ததற்கும் ஆயிரம் காரணம் இருக்கலாம். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதற்காகவே முகத்தில் எதையும் காட்டாத மதிப்பீட்டாளர்கள் உண்டு.

அதைவிட ஆபத்தானது, ராத்திரி பதினொரு மணிக்கு "இன்று நான் சரியாகப் பேசவில்லை, அந்தக் கேள்விக்கு என் உண்மையான பதில் இதுதான்" என்று சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுவது. அவர்கள் கவனிக்காத தடுமாற்றத்தையும் நீங்களே அடிக்கோடிட்டுக் காட்டுவதாகிவிடும். நன்றி சொல்வது வழக்கமாக இருக்கும் இடத்தில் இரண்டு வரி நன்றி போதும். நேர்காணலுக்குப் பின் தொடர்புகொள்ளக் கூடாது என்று விதி இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஒரு நாள் பேச்சைத் தன் தகுதி என்று எடுத்துக்கொள்வது

1979-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நடந்ததை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வேன். ஏறத்தாழ 800 பேரை நேர்காணல் செய்து வரிசைப்படுத்தி, மேல்வரிசையில் இருந்து 150 பேரைச் சேர்த்து முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மாநில சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. வரிசையில் நல்ல இடத்தில் இருந்தவர்கள் அதற்குள் வேறு இடங்களுக்குப் போய்விட்டதால், அடிவரிசையில் இருந்தவர்களைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த 50 பேரில் பெரும்பாலானவர்களுக்கு வேறு எந்த மருத்துவப் பள்ளியிலும் இடம் கிடைத்திருக்கவில்லை. இரு தரப்பும் படிப்பிலும் பின்னர் பயிற்சியிலும் எப்படிச் செய்தார்கள் என்று தொடர்ந்து பார்த்து 1987-ல் வெளியிட்டார்கள். சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. வரிசையில் அவர்களைக் கீழே தள்ளியது பெரும்பாலும் நேர்காணல் எடுத்தவர்களின் மதிப்பீடுதான்.

இதை வைத்து நேர்காணலே வீண் என்று நான் சொல்லவில்லை. இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது, அதற்காக உழைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த 50 பேரும் தங்கள் அடிவரிசை இடத்தையே தங்கள் தகுதி என்று நம்பி ஒதுங்கியிருந்தால் எத்தனையோ நல்ல டாக்டர்களை இழந்திருப்போம். இந்தக் குறை தெரிந்ததால்தான் பல நிறுவனங்கள் முறையையே மாற்றின. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையில், சில நிமிடங்களே நீளும் பல சிறு நேர்காணல்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பீட்டாளர். ஒரு மேசையில் சொதப்பினாலும் அடுத்த மேசையில் இருப்பவருக்கு அது தெரியாது. முகத்தில் சுமந்துகொண்டு போய் நீங்களே காட்டினால்தான் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவது

முதல் நேர்காணலில் நீட்டி முழக்கிய பையன் ஒருவன், இரண்டாவதில் எல்லாவற்றுக்கும் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டு வந்தான். வார்த்தை வராமல் போன இன்னொருவர், ஐம்பது பதில்களை எழுதி உருப்போட்டுக்கொண்டு போனார். கேள்வி லேசாக மாறியதும் உருப்போட்டது அறுந்து, முன்னைவிட மோசமாகத் திணறினார். அடி வாங்கிய மனம் அப்படித்தான், பாதுகாப்பைத் தேடி எதிர்க்கோடிக்கு ஓடும்.

நோட்டைப் பார்த்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். "கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பேச ஆரம்பிப்பேன்" என்பது மாதிரி ஒன்று போதும். பதில்களை வார்த்தைக்கு வார்த்தை எழுதாமல், நீங்கள் நேரில் பார்த்த, செய்த ஐந்தாறு அனுபவங்களைத் தெளிவாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி எப்படி வந்தாலும் அவற்றில் ஏதாவது ஒன்று கைகொடுக்கும்.

நம்பிக்கை வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பது

மூன்று வாரம் நான் செய்தது இதைத்தான். நம்பிக்கை வந்த பிறகு பயிற்சி செய்யலாம் என்று இருந்தேன். அது வரவே இல்லை. ஒரு நாள் தோழி ஒருத்தி எதிரில் உட்கார்ந்து, எனக்கு வார்த்தை வராமல் போன அதே கேள்வியைக் கேட்டாள். முதல் தடவை அழுதேன். மூன்றாவது தடவை சுமாராகச் சொன்னேன். மறுநாள் அவளுடைய அக்காவை அழைத்து வந்து கேட்க வைத்தாள். பேசப் பேசத்தான் வந்தது.

அதனால் நாலைந்து நாளுக்குள் யாரிடமாவது உட்காருங்கள். இருபது நிமிடம் போதும். முதலில் வேண்டியவர், பிறகு அதிகம் பழக்கமில்லாதவர். சொதப்பிய கேள்வியைத் தவிர்க்காதீர்கள், தவிர்க்கத் தவிர்க்க அது பெரிதாகும். பதற்றமாக இருந்தால் "அமைதியாகு" என்று உங்களை அதட்டாதீர்கள். மேடைப்பேச்சுக்கு முன் "ஆர்வமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்று 2014-ல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. அடித்துக்கொள்கிற நெஞ்சை நிறுத்துவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

இடையில் ஓரிரு நாள் துக்கமாக இருந்தால் இருக்கட்டும். ஆசைப்பட்ட ஒன்றுக்காக வருத்தப்படுவது நியாயம்தான். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் மட்டும் அதைச் சோர்வு என்று ஒதுக்காமல் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

பதிலை மாற்றிச் சொன்ன அந்த மாணவி அடுத்த நேர்காணல் முடிந்ததும் கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைச்சல். எப்படிப் போச்சு என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவளே சொன்னாள்: "எட்டு கேள்விக்கா. ஆறு எழுதிட்டேன், ரெண்டு இன்னும் ஞாபகம் வரல. எழுதி முடிச்சிட்டு கூப்பிடட்டுமா?"